அரைப்பேர்

காதுக்குக் கீழே,
கூடைக் கயிறு அழுத்தாத இடத்தில்
ஒரு கொட்டைப்பாக்கு.
வலிக்கவில்லை. அதனால் மூன்று மாதம்
தலைத்துண்டால் மூடிக்கொண்டு மலைக்குப் போனேன்.

ஊர்ப் பெயரிலேயே பூண்டு இருக்கிறது, பூண்டுலோயா.
மருந்துக்கு மட்டும் கண்டிக்குப் போகவேண்டும்.
விடிய முந்தி பஸ்,
தவலந்தென்னை வளைவில் வாந்தி,
வார்டில் ஜன்னலோரக் கட்டில்.

முதலில் சிவப்பு மருந்து. அது முடியைக் கொண்டுபோனது.
பிறகு ஒன்று, தண்ணீர் மாதிரி,
நிறமில்லை, மணமில்லை.
அதற்கு மட்டும் இரண்டு பேர் வந்து
என் பேரை இரண்டு தடவை கேட்டார்கள்.
வேலு தெய்வானை.
இரண்டு தடவையும் அதுதான்.

"இது பூவுல இருந்து வாறது, அக்கா"
தெரிந்த தமிழில் நில்மினி நர்ஸ் சொன்னாள்,
"மினி மல்."
மினி என்றால் பிணம்.
ஊசி ஏறும்போது சொல்கிற பேச்சா!

அவர்கள் பேச்சில் பிணப்பூ,
எங்கள் பேச்சில் நித்தியகல்யாணி,
எங்கள் டிவிஷனில் வெறும் சுடுகாட்டுப் பூ.
ஏழாம் நம்பர் மலைக்கு மேலே
மண்மேடுகளுக்கு நடுவில் தானாக முளைப்பது.
ஆடுகூட வாய் வைக்காது.
புல்லுக்கு மருந்தடிக்க வரும் கேங்
அதற்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போகும்.
மருந்துக்கு மருந்தடித்திருக்கிறோம்
இத்தனை வருஷம்.

மருந்து கலக்கும் அறையில் ரிஸ்மியா என்றொரு பிள்ளை.
காய்ந்த இலை லொறிக் கணக்கில் போகுமாம்,
கடைசியில் மிஞ்சுவது சிட்டிகை உப்பு மாதிரியாம்.

கணக்கு என்றால் எனக்கு உறைக்கும்.
பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
ஈரத்துக்கு, சாக்குக்கு என்று
தராசிலேயே இரண்டு கிலோ போய்விடும்.
இருபத்தாறு வருஷம் இலையைக் கிலோவில் பார்த்தவள் கேட்டேன்:
இலையைச் சிட்டிகையில் நிறுக்கும் தராசு
எந்த ஊரில் இருக்கிறது?
எவள் பறித்தாள்?
அவளுக்கு ஒரு பேருக்கு எத்தனை கிலோ?

ரிஸ்மியாவுக்கு அது தெரியவில்லை.

மூன்றாம் தவணைக்கு முதல் நாள்
பக்கத்துக் காம்பரா சிலம்பாயி
அதே செடியை வேரோடு அரைத்து
டம்ளரில் கொண்டுவந்தாள்.
"அவங்களும் இதத்தானே ஏத்துறாங்க, குடி."
பச்சையாய் இருந்தது.
இறங்கிவந்த வழியெல்லாம் சிந்தி, அவள் முழங்கையும் பச்சை.
செடிக்குள் இருப்பது ஒன்றல்ல, நூறு;
ஒன்றைப் பிரித்து அளந்தால் மருந்து,
மொத்தமாய் விழுங்கினால்
மேலே போய் அதன் பக்கத்திலேயே படுக்கலாம்.
இதை அவளிடம் எப்படிச் சொல்ல?
ஆறட்டும், குடிக்கிறேன் என்றேன்.
அவள் போனதும் கானில் ஊற்றினேன்.
கை நடுங்கியது. மருந்தால் இருக்கலாம்.

கட்டி கரைந்தது.
எலுமிச்சை விதையளவு, பிறகு அதுவும் இல்லை.
இல்லை என்று விரல்தான் சொல்கிறது,
விரலை நம்பலாமா தெரியவில்லை.
நுனிகள் மரத்துவிட்டன.
கொக்கி மாட்ட வராது, தீக்குச்சி நழுவும்.
பதினான்காம் தேதி ஸ்கேன்.
அதுவரை மலைக்குப் போகிறேன்.
கொழுந்தும் கரட்டிலையும் கைக்கு ஒன்றுதான்;
கண் பார்த்துச் சொல்லும்வரை
கை காத்திருக்கிறது.

நேற்று பத்தரைக் கிலோ.
கணக்கப்பிள்ளை சாக்கைக் கிளறினார்.
"என்ன தெய்வானை, கரட்ட அள்ளிப் போட்டிருக்க?"
பாதியைப் பூ வாங்கிக்கொண்டது என்று சொல்லவா?
எழுதிக்கொண்டார், அரைப்பேர்.
அந்தச் செடிக்கு யார் பேர் போட்டார்கள்,
எனக்கு மட்டும் கோபம் வருவதற்கு.

இறங்கும்போது சுடுகாட்டு வழியாக வந்தேன்.
அடித்த மருந்துக்குத் தப்பி
வேலி மூலையில் ஒன்று பூத்திருந்தது.
ஐந்து இதழ்.
தொட்டேன்.
தொடுகிறேனா என்று
குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.